உங்களுக்குத் தெரியுமா? ஹேர் டிரையருக்கு மசியாத நட்சத்திரம்

கையால் செய்த கிறிஸ்துமஸ் வாழ்த்து அட்டையில் புடைத்து நிற்கும் தங்க நட்சத்திரம் பெயின்ட் அல்ல; உருகி இறுகிய பிளாஸ்டிக் பொடி! சீக்கிரம் காயாத மையில் ரப்பர் ஸ்டாம்பைத் தொட்டுப் பதித்து, ஈரம் போவதற்குள் எம்பாசிங் பொடியைத் தூவுவார்கள். ஒட்டாத பொடியைத் தட்டி மறுபடி டப்பாவில் போட்டுக்கொள்ளலாம். ஹீட் கன் சூடு பட்டதும், மணல்போல் சொரசொரத்துக் கிடந்த பொடி சில நொடிகளில் இளகி ஒன்றுகூடிப் பளபளக்கும். எத்தனை முறை பார்த்தாலும் அலுக்காத வேடிக்கை இது! ஹேர் டிரையர் இதற்கு உதவாது: சூடு போதாது, காற்றோ பொடியைப் பறக்கடித்துவிடும். கண்ட இடத்தில் பொடி ஒட்டாமலிருக்க, முன்கூட்டியே அட்டையில் லேசாகக் கார்ன்ஃபிளார் தடவுவதுண்டு. விசிட்டிங் கார்டுகளில் விரலுக்குத் தட்டுப்படும் மேடான எழுத்துகள் பலவும் இதே உத்தியில் அச்சானவைதான்.