மூட்டுக்குள் ஒரு ரிங்



சைட்டுக்குப் போனால் பீமைப் பார்க்கிறோம், தூணைப் பார்க்கிறோம். இரண்டும் சேருகிற மூட்டை எத்தனை பேர் பார்க்கிறோம்?

2001 ஜனவரி 26 அன்று குஜராத்தின் புஜ் பகுதியில் நிலநடுக்கம். 200 கி.மீ.க்கு அப்பால் இருந்த அகமதாபாத்திலும் பல அடுக்குமாடிகள் இடிந்தன. வண்டி நிறுத்துவதற்காகத் தரைத்தளத்தைச் சுவரின்றி விட்டது ஒரு காரணம். தூணிலும் மூட்டிலும் ரிங் போதாதது இன்னொரு காரணம்.

மூட்டில் நடப்பது என்ன? கட்டடம் பக்கவாட்டில் ஆடும்போது பீமின் மேல்கம்பி தூணுக்கு ஒருபுறம் இழுபடும், மறுபுறம் அமுங்கும். ஒரே கம்பியை ஒரு முனையில் இழுத்து மறுமுனையில் தள்ளுகிற கதைதான்! கம்பி வழுக்கும், கான்கிரீட்டில் மூலைக்கு மூலை விரிசல் விழும். ஆட்டம் திரும்பினால் எதிர்மூலைகளிலும் விழும். பெருக்கல் குறி போட்டாற்போல மூட்டு உதிரும்.

எம் 60, எம் 80 என்று உயர்வலிமைக் கான்கிரீட் போட்டால் போதாதா? போதாது. வலிமை கூடக்கூட, திடீரென்று நொறுங்கும் குணமும் கூடும். அதை இறுக்கிப் பிடிக்க ரிங் இன்னும் அவசியம்.

சரி, பிரீஸ்டிரெஸ் செய்தால்? புத்தக வரிசையை இரு கையாலும் அழுத்தித் தூக்குவதுபோல, இழுத்துக் கட்டிய கேபிள் மூட்டை அழுத்தி விரிசலைத் தள்ளிப்போடும். ஆட்டம் நின்றதும் கட்டடத்தைப் பழைய நிலைக்கு இழுத்துவரும். ஆனால் அதிர்வின் ஆற்றலை அதிகம் விழுங்காது. எனவே சாதாரண கம்பியையும் கூட வைத்து, அது நீண்டு சுருங்கி ஆற்றலை விழுங்கும்படி செய்கிறார்கள். 1999-ல் அமெரிக்காவின் சான் டியாகோவில் இம்முறையையும் சேர்த்து 5 மாடி மாதிரிக் கட்டடத்தைச் சோதித்தார்கள். கடும் ஆட்டத்துக்குப் பிறகும் சேதம் குறைவே. சான் பிரான்சிஸ்கோவின் 39 மாடி பாரமவுண்ட் கட்டடம் இந்த முறையில் எழுந்ததுதான்.

நம் நாட்டில் ஐ.எஸ். 13920 விதி 1993-லேயே வந்துவிட்டது. தூணின் ரிங் மூட்டுக்குள்ளும் தொடர வேண்டும், கொக்கி 135 டிகிரி வளைய வேண்டும் என்றது. மூட்டில் சேரும் தூண்களின் வளைவு வலிமை பீம்களுடையதைப்போல் 1.4 மடங்காவது இருக்க வேண்டும் என்றது 2016 திருத்தம்.

நாளை கான்கிரீட் போடும் நேரத்தில், "சார், கம்பி நெருக்கமா இருக்கு, உள்ளே ரிங் நுழையல, விட்டுடலாமா?" என்பார்கள். டிசைன் போட்டவர் அங்கே இருக்க மாட்டார். டிப்ளமா படித்த நாம்தான் இருப்போம். "நுழைச்சுட்டுதான் கான்கிரீட்!" என்று சொல்லும் தைரியம் நமக்கு வேண்டும். மேலே குடியிருக்கப் போகிறவர்களுக்கு அந்த ரிங் கண்ணில் படாது. அவர்கள் உயிர் அதில்தான் இருக்கிறது.