மார்கழிக்கு ரெடியாகுது ஒரு மலைத் திண்ணை!

இருபது கொண்டை ஊசி வளைவும் தாண்டி ஏற்காடு வந்தாச்சு! கீழே சேலத்தில் ஃபேன் ஓடுகிறது. இங்கே காது மடல் சில்லிட்டுவிட்டது. சேலம் கடல் மட்டத்திலிருந்து 300 மீட்டருக்குள், ஏற்காடு 1,500 மீட்டர். ஆயிரம் மீட்டர் ஏறினால் ஆறரை டிகிரி வரை குறையும். அந்தக் குளிரில் சாயங்காலம் வெளியிலேயே உட்கார்ந்து பேச, ஒரு காபித் தோட்டத்து வீட்டின் பின்னால் இடம் தயாராகிறது. வேலை முடியுமுன்பே எட்டிப் பார்க்க அனுமதி வாங்கிவிட்டேன். சிமென்ட் ஈரம், பார்த்து வாங்க!

முதல் ஆச்சரியம், திண்ணையின் திசை. தெற்கே பார்த்துக் கட்டியிருக்கிறார்கள். மார்கழியில் சூரியன் தெற்கே சாய்ந்தே போகும். உச்சி வெயில்கூட 55 டிகிரி உயரத்தில்தான். அந்த வெயில் முழுக்க முதுகுப்பக்கத்து ஒன்றரை அடிக் கருங்கல் சுவரில் விழுகிறது. ஐந்து மணிக்கு உள்ளங்கையை வைத்துப் பார்த்தேன். கதகதப்பு! பகலில் குடித்த வெயிலைக் கல் ராத்திரியில் திருப்பித் தருகிறது. ஸ்வெட்டரைவிட இந்தச் சுவரைத்தான் நான் நம்புவேன்.

ஆனால் என்னைத் துள்ள வைத்தது திரை. நாமக்கல் பக்கத்து லாரி பாடி கட்டும் பட்டறையிலிருந்து ஆள் வந்திருக்கிறார்! லோடுக்கு மேல் போர்த்தும் அதே தார்ப்பாய். ஓரத்தை இரண்டாய் மடித்து, நடுவில் நைலான் கயிறு விட்டுத் தைத்து, முக்கால் அடிக்கு ஒரு பித்தளை வளையம் அடித்திருக்கிறார். கயிற்றை இழுத்தால் திரை சரசரவென்று சுருண்டு ஏறுகிறது. நானும் இழுத்தேன், மூன்று தடவை!

"கீழ தரையோட ஒட்டி விட்றலாங்ளா அண்ணா?" என்றார் வீட்டுக்கார அம்மா.

"வேண்டாங்க்கா. குளுந்த காத்து தண்ணி மாதிரி, பள்ளத்தப் பாத்துத்தான் ஓடும். சரிவுப் பக்கம் நாலு விரக்கடை வுடுங்க. அடைச்சா உள்ளயே தேங்கிக்கும்."

எவ்வளவு நுணுக்கம்!

தரைக்குப் பளபள டைல்ஸ் கூடவே கூடாது. மூடுபனி ஈரத்தில் பாசி பிடித்து வழுக்கும். கொத்திய கல் பாவி, பத்தடிக்கு ஒன்றரை அங்குலம் சரிவு கொடுத்திருக்கிறார் மேஸ்திரி. நடுவில் இரும்புச் சட்டி அடுப்பு. திரை எட்டாத தூரத்தில். விறகு தோட்டத்திலேயே கிடைக்கிறது. 1820களில் சேலம் கலெக்டர் காக்பர்ன் காலத்தில் இந்த மலைக்கு வந்த காபிச் செடி, ஒவ்வொரு அறுவடைக்குப் பின்னும் கவாத்துக் குச்சிகளைத் தருகிறதே! ஒரு வருஷம் காயவைத்தால் அதிகம் புகையாமல் எரியும். உட்கார பவானி ஜமுக்காளம்; பிளாஸ்டிக் நாற்காலி குளிரில் ஐஸ் மாதிரி சில்லிடும் என்கிறார் அம்மா, ரொம்பச் சரி.

ஐப்பசி மழை வடகிழக்கிலிருந்து அடிக்குமே? அதற்காகக் கிழக்குத் திரையின் அடிமடிப்பில் இரும்புக் குழாய் ஒன்றைச் செருகிக்கொண்டிருந்தார் பட்டறைக்காரர். காற்றில் படபடக்காமல் இருக்க அந்தக் கனம் போதுமாம். மேற்குத் திரைக்கு நாளைக்கு.