வாய்மொழி வரலாற்று ஆவணப்படங்களில் உழைக்கும் மக்களின் குரல்: ‘ஹவுசிங் பிராப்ளம்ஸ்’, ‘பைக்கர்’ – ஓர் ஒப்பீடு

முன்னுரை

எழுத்தாவணங்களில் இடம்பெறாத மக்களின் வாழ்வை அவர்தம் நினைவுகளின்வழி மீட்டெடுப்பது வாய்மொழி வரலாறு. அது திரைப்பட வடிவம் பெறும்போது, சொல்லோடு குரலின் ஏற்ற இறக்கமும் மெய்ப்பாடும் வாழிடமும் சான்றுகளாகின்றன. ஆயினும், உழைக்கும் மக்கள் திரையில் பேசுவதனாலேயே ஒரு படம் அவர்களது வரலாறாகிவிடுமா என்பது ஆய்வுக்குரிய வினா. இங்கிலாந்து நகரக் குடியிருப்புகளைப் பற்றிய இரு படங்களைக் கொண்டு இக்கட்டுரை அதனை விளக்குகிறது.

சான்றுரைப்போராக மக்கள்

ஆர்தர் எல்டன், எட்கர் ஆன்ஸ்டி ஆகியோர் இயக்கிய ‘ஹவுசிங் பிராப்ளம்ஸ்’ 1935-இல் வெளிவந்தது. கிழக்கு இலண்டனின் ஸ்டெப்னி பகுதியில், இடிந்த வீடுகளில் வாழ்ந்தோர் தத்தம் அறைகளில் நின்று எலித்தொல்லை, இடநெருக்கடி முதலியவற்றைத் தம் வட்டார வழக்கிலேயே எடுத்துரைக்கின்றனர். மக்களை இயல்பாகப் பேசச் செய்ததில் ரூபி கிரியர்சனின் பங்கு பெரிது. ஒலிப்பதிவுக் கருவிகள் எளிதில் எடுத்துச் செல்லவியலாத அக்காலத்தில் இது புதுமையான முயற்சி.

இப்படத்திற்கு நிதியளித்தது பிரித்தானிய எரிவாயுத் தொழில் சார்ந்த அமைப்பு. பழைய வீடுகளை இடித்து, எரிவாயு வசதி கொண்ட அடுக்குமாடிகளை எழுப்புவதே தீர்வாக முன்வைக்கப்படுகிறது. இத்தகைய குடியிருப்புகள் ஏன் உருவாயின, அவற்றால் ஆதாயம் பெற்றோர் எவர் என்பன விரித்துரைக்கப்படுவதில்லை. துயரத்தைச் சொல்லும் உரிமை மக்களுக்குக் கிடைத்தது. அத்துயரத்திற்குப் பொருள் காணும் உரிமை பிறரிடமே இருந்தது.

உடன்வாழ்தலும் பதிவும்

இடிப்பைத் தீர்வாகக் கண்ட அப்பார்வையின் மறுபக்கத்தை நியூகாசில் நகரின் பைக்கர் பகுதி காட்டுகிறது. டைன் ஆற்றங்கரைச் சரிவில் கப்பல் கட்டும் தொழிலாளர் உள்ளிட்டோர் வாழ்ந்த தொடர்வீடுகள் படிப்படியாக இடிக்கப்பட்டு, ரால்ஃப் எர்ஸ்கின் வடிவமைத்த புதிய குடியிருப்பு எழுந்தது. பைக்கர் பைக்கர் மக்களுக்கே என்பது நகராட்சியின் முழக்கம். எனினும் பழைய குடிமக்களுள் பெரும்பாலோர் புதிய குடியிருப்பில் இடம்பெறவில்லை.

1968-இல் தொடங்கப்பட்டு மறு ஆண்டு நியூகாசிலுக்குப் பெயர்ந்த ஆம்பர் என்னும் திரைப்படக் குழுவின் உறுப்பினர் சிர்க்கா-லீசா கொண்டினென் பின்லாந்தில் பிறந்தவர். அவர் பைக்கரிலேயே குடியேறி, தம் வீடும் இடிக்கப்படும் வரை ஏறத்தாழ ஏழாண்டுகள் வாழ்ந்தார். அக்காலத்து ஒளிப்படங்களும் மக்களின் குரற்பதிவுகளும் 1983-இல் வெளிவந்த ‘பைக்கர்’ படத்திற்கு அடித்தளமாயின. ஸ்டெப்னியில் வீடு ஒரு சிக்கலாகத் தோன்ற, பைக்கரில் அது உறவுகளின் இருப்பிடமாகத் தோன்றுகிறது. இவ்வேறுபாட்டிற்குக் களங்களின் வேறுபாடு மட்டுமன்றிப் பதிவுசெய்தோர் அங்கு தங்கிய காலமும் காரணம் எனலாம்.

நினைவின் உண்மை

‘பைக்கர்’ படத்தில் மெய்ப்பதிவுகளோடு நடித்துக் காட்டப்பட்ட காட்சிகளும் இணைகின்றன. இது சான்றின் நம்பகத்தன்மையைக் குறைக்குமா என்னும் ஐயம் எழலாம். இத்தாலிய அறிஞர் அலெசாந்திரோ போர்ட்டெல்லியின் ஆய்வு இங்குத் துணைபுரியும். டெர்னி நகர எஃகுத் தொழிலாளி ஒருவர் 1949-இல் நேட்டோ எதிர்ப்பு ஊர்வலத்தின்போது காவல்துறையினரால் கொல்லப்பட்டார். பின்னாளில் தொழிலாளர் பலர் அந்நிகழ்வை 1953-இல் நடந்த ஆட்குறைப்பு எதிர்ப்புப் போராட்டத்தோடு இணைத்தே நினைவுகூர்ந்தனர். ஆண்டு பிழையானது, எனினும் வேலையிழப்பே அவர்களை ஆழமாகத் தாக்கியது என்பதை அப்பிழையே புலப்படுத்துகிறது. அவ்வாறே, மீள்நடிப்பும் நிகழ்ந்ததன் நகலாக அன்றி நினைவுகூரப்படும் முறையின் சான்றாகக் கொள்ளத்தக்கது. ஆனால் எது பதிவு, எது நடிப்பு என ஆய்வாளர் பிரித்தறிதல் இன்றியமையாதது.

உரிமையும் காப்பும்

நெடுங்கால உடன்வாழ்விற்கு நிறுவன ஆதரவு வேண்டும். திரைப்படத் தொழிற்சங்கமும் பிரித்தானியத் திரைப்படக் கழகமும் சேனல் 4 தொலைக்காட்சியும் ஏற்ற 1982-ஆம் ஆண்டுப் பட்டறை உடன்பாடு, ஆம்பர் போன்ற குழுக்கள் தொடர் ஊதியத்துடன் ஓரிடத்தில் ஊன்றிப் பணியாற்ற வழிவகுத்தது. 2011-இல் ஆம்பர் படங்களும் கொண்டினெனின் ஒளிப்படங்களும் யுனெஸ்கோவின் ஐக்கிய இராச்சிய உலக நினைவுப் பதிவேட்டில் இடம்பெற்றன. ஆயினும் இக்குழு 1977-இல் தொடங்கிய சைட் காட்சிக்கூடம் நிதி நெருக்கடியால் 2023-இல் மூடப்பட்டது. ஏட்டில் பெற்ற ஏற்பு மக்கள் சென்று காணும் இடத்தைக் காக்கவில்லை.

முடிவுரை

இவ்வகைப் படங்களைச் சான்றாகக் கொள்வோர் மூன்று வினாக்களை எழுப்புதல் வேண்டும்: பேசியவரின் சொற்களுக்குப் பொருள் வகுத்தவர் எவர்? பதிவுசெய்தவர் எத்துணைக் காலம் உடனிருந்தார்? பதிவு இன்று எவரிடம் உள்ளது, பேசியவரின் வழித்தோன்றல்கள் அதனைக் காணவியலுமா? மக்களின் குரல் கேட்கிறது என்பது ஆய்வின் தொடக்கமேயன்றி முடிவன்று. அக்குரல் எவர் பொருட்டுப் பயன்பட்டது என்பதையும் ஆராயும்போதே அது உழைக்கும் மக்களின் வரலாறாக நிலைபெறும்.