கங்காவும் லயத்து வாசகரும்

1966இல் ஆனந்த விகடனில் வெளிவந்த ஜெயகாந்தனின் 'அக்கினிப் பிரவேசம்', மழைநாளில் அந்நியன் ஒருவனின் காரில் ஏறித் தன்னை இழந்து திரும்பும் கல்லூரி மாணவியைத் தாய் தலையில் நீரூற்றித் தூயவளென ஏற்பதாக முடிகின்றது. வாசகர் பலர் கொதித்தெழுந்தனர். அதற்கு மறுமொழியாக அமைந்ததே 1972இல் சாகித்திய அகாதமி பரிசு பெற்ற 'சில நேரங்களில் சில மனிதர்கள்'. இதில் தாய் அலறி ஊரறியச் செய்துவிடுகின்றாள்; கங்காவின் வாழ்வே திசைமாறுகின்றது. அச்சிறுகதையைக் கங்காவே இதழொன்றில் வாசிக்கின்றாள் என அமைத்தது, எம் கருத்தில், கண்டித்தோர்க்கு ஆசிரியர் அளித்த மிகக் கூரிய விடை.

ஈப்போ வட்டார ஆசிரியர்கள் இதனைக் கற்பிக்குங்கால் ஒன்றைக் கருதுதல் வேண்டும். ஒரே கூரையின்கீழ் வரிசையாக அமைந்த ரப்பர்த் தோட்ட லயத்து வீடுகளில், தாய் மறைக்க விழைந்தாலும் அண்டை வீட்டார் அறியாதிருத்தல் அரிது. சிறுகதைத் தாய் கண்ட தீர்வு தோட்டத்துப் பெண்ணுக்கு எளிதில் வாய்க்காதது. தோட்டம் கண்டறியாத இன்றைய மாணவர்க்கு லயத்தை விளக்கிய பின்னரே இவ்வேறுபாடு புலப்படும்.