கிடேரி வளர்ப்பு

கன்றுப் பருவம் கடந்து, இன்னும் ஈனாத இளம் பசு கிடேரி எனப்படும். கிடேரி பால் தருவதில்லை என்பதால், பல இடங்களில் கறவை மாடுகளுக்குப் போட்டது போக மிஞ்சிய வைக்கோலே அதற்குக் கிடைக்கிறது. ஆனால் கிடேரி பருவத்துக்கு வருவது வயதைவிட உடல் எடையையே பெரிதும் சார்ந்தது. நன்கு வளர்ந்த கலப்பினக் கிடேரியை 15 முதல் 18 மாதங்களில் சினைப்படுத்தலாம். எடை குறைந்த கிடேரி பருவத்துக்கு வரத் தாமதமாகும். அதுவரை தீவனச் செலவு மட்டுமே இருக்கும்.

வளர்ச்சி இலக்கு

முழு வளர்ச்சியடைந்த பசுவின் எடையில் சுமார் 60 விழுக்காட்டைக் கிடேரி எட்டியதும் கருவூட்டல் செய்யலாம். ஜெர்சி கலப்பினத்தில் இது ஏறத்தாழ 250 கிலோ. இதற்கு நாளொன்றுக்கு 400 முதல் 500 கிராம் வரை எடை கூட வேண்டும்.

தீவனம்

200 கிலோ எடையுள்ள கிடேரிக்கு நாளொன்றுக்குக் கொடுக்கத்தக்கவை:

- பசுந்தீவனம்: 10 முதல் 12 கிலோ
- உலர் தீவனம் (வைக்கோல், சோளத்தட்டை): 2 கிலோ
- அடர் தீவனம்: 1.5 கிலோ
- தாது உப்புக் கலவை: 30 கிராம்

பசுந்தீவனத்தில் கம்பு நேப்பியர் போன்ற புல்வகை மூன்று பங்கும், வேலிமசால் போன்ற பயறுவகை ஒரு பங்கும் இருப்பது நல்லது. வைக்கோலில் புரதம் மிகக் குறைவு. அதை மட்டும் தின்னும் கிடேரியின் வயிறு பெருக்கும். எலும்பும் தசையும் வளரா.

தீவனத்தைத் திடீரென மாற்றாமல், ஒரு வாரத்தில் சிறிது சிறிதாக மாற்ற வேண்டும். சோறு, கஞ்சி, பொங்கல் ஆகியவற்றை அளவுக்கு மீறிக் கொடுத்தால் வயிற்றில் அமிலம் மிகுந்து உயிருக்கே ஆபத்தாகலாம். அதிகக் கொழுப்பும் தீங்கானது: பருவமடையும் முன் மடியில் கொழுப்பு சேர்ந்தால் பால் சுரப்புத் திசு குறையும்.

பராமரிப்பு

குடற்புழுக்கள் இருந்தால் தின்ற தீவனம் உடலில் ஒட்டாது. எனவே கால்நடை மருத்துவரின் ஆலோசனைப்படி குடற்புழு நீக்க மருந்து கொடுக்க வேண்டும். கோமாரி நோய்த் தடுப்பூசியும், 4 முதல் 8 மாத வயதில் ஒரு முறை கருச்சிதைவு நோய்த் தடுப்பூசியும் போட வேண்டும். பெரிய மாடுகளோடு கட்டினால் கிடேரிக்குத் தீவனம் முழுமையாகக் கிடைக்காது. தனியே கட்டுவது நல்லது. எந்நேரமும் தூய குடிநீர் இருக்க வேண்டும்.

எடையை அறிதல்

எடைமேடை இல்லாத இடங்களில் அளவு நாடா போதும். காலையில் தீவனமும் நீரும் வைக்கும் முன், கிடேரியைச் சமதளத்தில் நிறுத்தி அளக்க வேண்டும். முன்னங்காலை ஒட்டிப் பின்புறமாக மார்புச் சுற்றளவையும், தோள்பட்டை முனையிலிருந்து பின்பக்க இடுப்பெலும்பு முனை வரை உடல் நீளத்தையும் சென்டிமீட்டரில் எடுக்க வேண்டும்.

எடை (கிலோ) = சுற்றளவு × சுற்றளவு × நீளம் ÷ 10,840

சுற்றளவு 150, நீளம் 120 எனில் எடை சுமார் 249 கிலோ. அந்தக் கிடேரி கருவூட்டலுக்கு ஏறக்குறைய ஆயத்தமாகிவிட்டது. மாதம் ஒரு முறை அளந்து குறித்து வந்தால், வளர்ச்சி குன்றும்போதே அறிந்து தீவனத்தைச் சரிசெய்யலாம்.