வீடு வாங்குமுன் அட்டைக் கடன்

தோட்டத்துக் கடைப் பற்றுப் புத்தகம் நமக்குப் புதிதன்று. சம்பள நாளில் முழுவதும் தீர்த்தால் தொல்லையில்லை. சிங்கப்பூரில் குடியேறிய நம் பிள்ளைகளின் கடன்பற்று அட்டையும் அப்படித்தான். மிச்சம் வைத்தால்தான் வினை.

புக்கிட் பாஞ்சாங்கில் வீவக வீடு வாங்கிக் கல்யாணம் செய்ய நினைக்கும் பிள்ளைக்கு 5,000 வெள்ளி அட்டைப் பாக்கி என்று கொள்வோம். ஆண்டு வட்டி கிட்டத்தட்ட 27 விழுக்காடு. மாதத்துக்கு 112 வெள்ளி. வங்கி கேட்கும் குறைந்த தொகை பெரும்பாலும் 3 விழுக்காடு, அதாவது 150 வெள்ளி. அதைக் கட்டினால் முதலில் கழிவது 38 வெள்ளிதான்! "மாதந்தவறாமல் கட்டுகிறேனே அம்மா" என்று பிள்ளை சொல்வதில் பொய்யில்லை. கடன்தான் அசைவதில்லை.

இனி வீட்டுக் கடனுக்கு வருவோம். சிங்கப்பூர் நாணய ஆணையம் 2013இல் கொண்டுவந்து, 2021 டிசம்பரில் இறுக்கிய விதிப்படி, வங்கியில் வீட்டுக் கடன் கேட்பவரின் எல்லாத் தவணைகளும் சேர்ந்து மாத வருமானத்தில் 55 விழுக்காட்டைத் தாண்டக்கூடாது. அட்டைப் பாக்கியும் அந்தக் கணக்கில் சேரும். அந்த அளவுக்கு வீட்டுக் கடன் சுருங்கலாம்.

ஆகவே கல்யாணச் சேமிப்பு வங்கியில் சிறு வட்டிக்குக் கிடந்தால், சில மாதச் செலவுக்கு ஒதுக்கிவிட்டு, மீதியால் அட்டையை முதலில் அடைக்கச் சொல்லுங்கள். அட்டைகள் பலவானால் வட்டி கூடியது முதலில். மண்டபத்துக்கு முன்பணம் அதற்கப்புறம் கொடுக்கலாம்.