எந்த ஊர் கார்னகி நூலகம்?

அமெரிக்காவில் வாஷிங்டன் என்ற பெயரில் 30 கவுன்ட்டிகள் இருக்கின்றன. லூசியானாவில் உள்ள ஒரு பாரிஷையும் சேர்த்தால் 31. கவுன்ட்டி ஏறக்குறைய நம் மாவட்டம் மாதிரி; லூசியானாவில் அதற்குப் பாரிஷ் என்று பெயர். நீதிமன்றக் கட்டடம் இல்லாத கவுன்ட்டியைக் காண்பது அரிது. "வாஷிங்டன் கவுன்ட்டி கோர்ட்ஹவுஸ் பாரம்பரியச் சின்னமா?" என்று கேட்டால், எந்த மாநிலம் என்று திருப்பிக் கேட்காமல் பதில் சொல்ல முடியாது.

அந்நாட்டின் தேசிய வரலாற்று இடங்கள் பதிவேடு 1966இல் வந்த சட்டத்தால் பிறந்தது. தேசியப் பூங்கா சேவை பராமரிக்கும் இந்தப் பதிவேட்டில் 95 ஆயிரத்துக்கும் மேற்பட்ட பதிவுகள் உள்ளன. பெயர் மோதலுக்குப் பதிவேட்டைக் குறை சொல்லிப் பயனில்லை. எஃகு முதலாளி ஆண்ட்ரூ கார்னகியின் பணத்தில் அமெரிக்காவில் மட்டும் 1,689 நூலகங்கள் எழுந்தன. அவற்றில் எத்தனையோ ஊர்க்காரர்களுக்கு வெறும் "கார்னகி நூலகம்"தான்.

தேவாலயங்கள் கதை இன்னும் சிக்கல். ஊரில் முதலில் கூடிய பாப்டிஸ்ட் சபை "ஃபர்ஸ்ட் பாப்டிஸ்ட் சர்ச்" ஆகிவிடும். அப்படியானால் ஊருக்கு ஒன்றுதானே இருக்க வேண்டும்? அலபாமாவின் மாண்ட்கோமரியில் இரண்டு இருக்கின்றன. உள்நாட்டுப் போர் முடிந்தபின், 1867இல், கறுப்பின உறுப்பினர்கள் பிரிந்து போய்த் தனிச் சபை கண்டார்கள். அவர்களுடைய ஆலயம் ரிப்ளி தெருவில் இருக்கிறது. வெள்ளையர் சபையின் ஆலயம் பெர்ரி தெருவில். 1961 மே மாதம் மார்ட்டின் லூதர் கிங் உள்ளே இருக்க, வன்முறைக் கும்பல் வெளியே சூழ்ந்து நின்றது ரிப்ளி தெரு ஆலயத்தை. பெயரை மட்டும் எழுதிவைத்தால் படிப்பவர் எந்த வாசலுக்குப் போய் நிற்பார்?

நம் கிராமத்தில் இரண்டு முருகேசன் இருந்தால் ஒருவர் மேலத்தெரு முருகேசன், இன்னொருவர் கடைக்கார முருகேசன். பட்டியல் தொகுப்பவர்களும் இதைத்தான் செய்கிறார்கள். பெயருக்குப் பின்னால் ஊரும் மாநிலமும். அதிலும் பிரியாவிட்டால் தெரு அல்லது கட்டிய ஆண்டு. சில நேரம் வேறு வழியும் உண்டு. கட்டடக் கலைஞர் ஃபிராங்க் லாயிட் ரைட், விஸ்கான்சினில் ஹெர்பர்ட், கேத்தரின் ஜேக்கப்ஸ் என்ற ஒரே தம்பதிக்கு இரண்டு வீடுகள் கட்டினார். மேடிசனில் இருப்பது எல் வடிவம், மிடில்டனில் இருப்பது அரைவட்டம். உரிமையாளர், கட்டியவர், மாநிலம் மூன்றும் ஒன்றே. ஆகவே அவை முதல் வீடு, இரண்டாம் வீடு என்றே அறியப்படுகின்றன.

ஆனால் பெயரோடு எத்தனை ஒட்டுப்போட்டாலும் அது மனிதர் வாசிக்கத்தான். கணினிக்கு வேண்டியது எண். பதிவேட்டில் சேரும் ஒவ்வொன்றுக்கும் ஓர் எண் உண்டு. எம்பயர் ஸ்டேட் கட்டடத்தின் எண் 82001192. முதல் இரண்டு இலக்கங்கள் அது சேர்ந்த 1982ஆம் ஆண்டைச் சொல்லிவிடும். சுதந்திர தேவி சிலைக்கு 66000058. ஊர், தெரு, பலகை எது மாறினாலும் பதிவைத் தேடிப் பிடித்துவிடலாம்.

அதற்காக எண்ணைக் கண்ணை மூடிக்கொண்டு நம்பவும் கூடாது. ஒரு பழைய கடைத்தெருவின் எல்லையைப் பின்னாளில் விரித்தால், அந்த விரிவாக்கம் பழைய பெயரிலேயே புது எண்ணோடு தனிப் பதிவாக வரும். எண்களை மட்டும் கூட்டிப் பார்ப்பவர் ஒரு தெருவை இரண்டாக எண்ணிவிடுவார்.

என்னைக் கேட்டால் பெரிய வில்லங்கம் பூஜ்யம்தான். 2000 முதல் 2009 வரை சேர்ந்த இடங்களின் எண்கள் பெரும்பாலும் பூஜ்யத்தில் தொடங்கும். 2000ஆம் ஆண்டுக்கு இரண்டு பூஜ்யம். அந்தப் பட்டியலை எக்செல்லில் அப்படியே திறந்தால் மென்பொருள் அதை வெறும் எண்ணாக எடுத்துக்கொண்டு முன்னால் உள்ள பூஜ்யங்களை விழுங்கிவிடும். எட்டு இலக்கம் சுருங்கிவிட்ட பிறகு மூலப் பட்டியலோடு அது பொருந்தாது. எண்கள் உள்ள நெடுவரிசையை எழுத்தாக வாசிக்கும்படி முதலிலேயே அமைத்துவிட வேண்டும்.